வெள்ளைக்கு மேல் வெள்ளை

டெய்லரம்மாவுக்குக் கோபம் வந்தால் கணவரோடு நேராகப் பேச மாட்டாள். நடுவில் மகளை நிறுத்திவிடுவாள். கணவர் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாலும், "உங்கப்பாகிட்ட சொல்லு" என்றுதான் பேச்சு ஆரம்பமாகும். மகள் கல்லூரியில் முதல் வருடம். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. அம்மா சொன்னதை அப்படியே ஒப்படைக்காமல், அன்றைக்கு யார்மேல் பிரியமோ அதற்குத் தக்கபடி காரத்தைக் கூட்டியோ குறைத்தோதான் அப்பாவிடம் சேர்ப்பாள். மழைக்காலம் வந்தால் அவளுக்கு இந்த வேலை கூடிப்போகும். காரணம், முன்னறைக் கூரை.

வீடு நான்கு மாடிக் கட்டடத்தின் உச்சியில் இருந்தது. ஒரு முன்னறை, ஒரு படுக்கையறை, ஒருவர் உள்ளே நின்றால் இன்னொருவர் வெளியே நிற்கவேண்டிய சமையலறை. லிஃப்ட் கிடையாது. துணி கொண்டுவருகிறவர்கள் மேலே வந்து சுவரைப் பிடித்து மூச்சு வாங்கிவிட்டுத்தான் அளவு கொடுப்பார்கள். ஆனாலும் வீடு பார்க்க வந்த அன்று முன்னறை ஜன்னலைத் திறந்ததுமே அவள் மனசு அதில் விழுந்துவிட்டது. எதிரே மறைக்கிற கட்டடம் எதுவும் இல்லை. காலையிலிருந்து பொழுது சாயும்வரை வெளிச்சம் கொட்டியது. கறுப்புத் துணியில் கறுப்பு நூலால் தையல் பிரித்தே கண்ணைக் கெடுத்துக்கொண்டவளுக்கு வேறென்ன வேண்டும்? தையல் மிஷினை அந்த ஜன்னலடியில் போட்டாள். பக்கத்தில் துணி வெட்டும் மேசை. வேறெங்கும் இரண்டையும் போட இடமும் இல்லை. கூரை ஒழுகுவதும் நேராக அந்த மிஷினுக்கு மேலேதான் என்பது முதல் மழையில் தெரிந்தது.

கணவர் பெயிண்டர். அடுத்தவர் வீட்டுச் சுவர்களை அழகாக்குகிற வேலை. நல்ல மனிதர், அதுதான் வினையே. யாராவது காலை மிதித்தால் தன் கால் அங்கே இருந்ததற்கு வருத்தப்படுகிற ரகம். அவருக்குத் தெரிந்த ஒரே மருந்து "விடும்மா" என்ற சொல். பஸ்ஸில் யாராவது இடித்தாலும் விடும்மா, கடைக்காரன் அழுகின தக்காளியைக் கட்டிக்கொடுத்தாலும் விடும்மா. ஆனால் ஒன்றே ஒன்றை மட்டும் அவரால் விட முடியாது. சுவரில் கறை. விருந்துக்குப் போன வீட்டில்கூடச் சாப்பாட்டைப் பார்க்காமல் மூலையில் உரிந்திருக்கும் பெயிண்டையே பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு கை கழுவும்போது வீட்டுக்காரரிடம் மெல்ல, "அது ஒரு மணி நேர வேலைங்க" என்பார்.

வீட்டின் சொந்தக்காரர் நாலு தெரு தள்ளி இருந்தார். வங்கி ஒன்றில் கிளை மேனேஜராக இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வுபெற்று எத்தனையோ காலம் ஆகியும் கட்டடத்தில் எல்லாருக்கும் அவர் மேனேஜர்தான். யார் எதைக் கேட்டாலும் கடன் மனுவைப் பார்க்கிற முகத்தோடு கேட்பார். கடைசியில் "பாப்போம்மா, பண்ணிருவோம்" என்பார். மழையில் ஸ்கூட்டரை எடுக்க மாட்டார். வானம் வெளுத்து, ரோடு காய்ந்த பிறகுதான் ஒழுகலைப் பார்க்க வருவார்.

குடிவந்த முதல் வருடம் அப்படித்தான் வந்தார். இரவெல்லாம் பக்கெட் வைத்து, மிஷினைப் பாயால் மூடி, விடிந்ததும் அவருக்குப் போன் போட்டிருந்தாள் டெய்லரம்மா. அவர் வந்து சேர மேலும் சில நாள் ஆயிற்று. முன்னறை நடுவில் நின்று, இடுப்பில் கைவைத்து, அண்ணாந்து பார்த்தார்.

"எங்கம்மா ஒழுகுது?"

"அந்தா மேல..." என்று விரலை உயர்த்தியவள் அப்படியே நின்றாள். காலையில் அவள் கடைக்குப் போகும்போது முறம் அகலத்துக்குப் பழுப்புக் கறை இருந்த இடத்தில் இப்போது ஒன்றுமே இல்லை. கூரை பால் போல இருந்தது. ஒரு கோடு, ஒரு திட்டு கிடையாது.

"எங்க வீட்டு ஹாலு கூட இப்படி இல்லம்மா" என்றார் மேனேஜர்.

மூலையில் பெயிண்டர் பிரஷ்ஷைத் துணியில் துடைத்தபடி நின்றிருந்தார். முகத்தில், பாராட்டு கேட்ட பள்ளிப்பிள்ளையின் சிரிப்பு.

மேனேஜர் இறங்கிப்போன செருப்புச் சத்தம் ஓய்ந்ததும் அவள் மகளைக் கூப்பிட்டாள். மகள் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள்.

"உங்கப்பாகிட்ட கேளு. ஒழுகுதுன்னு காட்டக் கூப்ட்ட ஆளுக்கு எதுக்கு வெள்ளையடிச்சு வச்சாருன்னு கேளு."

"அப்பா, எதுக்குப்பா வெள்ளையடிச்ச?"

"பெரிய மனுசன் வர்றாரு. வீடு அசிங்கமா இருந்தா நம்மள என்ன நெனப்பாரு?" என்றார் பெயிண்டர். "அதுவும் பெயிண்டர் வீடு."

"அம்மா, பெரிய மனுசன் வர்றாராம்."

"கேட்டுச்சு" என்றாள் டெய்லரம்மா.

அன்று முதல் வருடாவருடம் இதே கதை. மழை பெய்யும். கூரை முதலில் வேர்க்கும், பிறகு பழுக்கும், பிறகு சொட்டும். அவள் போன் போடுவாள். மேனேஜர் வெயில் வந்ததும் ஒரு கொத்தனாரை மாடிக்கு அனுப்புவார். மொட்டை மாடிக் கதவுக்குப் பூட்டு, சாவி மேனேஜரிடம். அதனால் கொத்தனார் அங்கே என்ன செய்கிறார் என்று யாருக்கும் தெரியாது. கொஞ்ச நேரம் கரண்டி உரசும் சத்தம் கேட்கும். பிறகு கை கழுவத் தண்ணீர் கேட்டு வருவார். "ஜம்முனு பூசிட்டேன்கா, இனி வராது" என்பார். கீழே பெயிண்டர் கறைமேல் ஒரு கோட் அடிப்பார். மேலே அவர் பூச, கீழே இவர் பூச, நடுவில் தண்ணீர் யாருக்கும் பயப்படாமல் தன் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த மழைக்கு அதே இடத்தில் மறுபடி எட்டிப் பார்க்கும்.

அவள் ஏன் கத்தவில்லை என்று கேட்கலாம். அவள் கத்துகிற ஆள் இல்லை. குரல் உயர்ந்தால் வார்த்தை தடுமாறும் அவளுக்கு. மனசுக்குள் மேனேஜரை நிற்கவைத்து ஒரு மணி நேரம் விளாசுவாள். மிஷின் சக்கரம் சுழலச் சுழல ஒவ்வொரு வாக்கியமும் கச்சிதமாக வரும். போனை எடுத்ததும், "சார், நல்லாருக்கீங்களா? ஒண்ணுமில்ல, அந்த சீலிங்தான்..." என்று வாய் தானாகக் குழையும். போனை வைத்ததும் அந்த 'ஒண்ணுமில்ல'வுக்காகத் தன்மேலேயே பல்லைக் கடிப்பாள். "ஒண்ணுமில்லன்னு நீயே சொன்னா அவரு எதுக்கும்மா வரணும்?" என்று மகள் ஒருமுறை கேட்டுவிட்டாள். அன்று போட்ட தையல் முழுக்கக் கோணல்.

இந்த வருடம்தான் நர்சிங் பள்ளி வேலை வந்தது.

அதுவரை அவளுக்கு வந்ததெல்லாம் மற்றவர்கள் தைத்ததைத் திருத்துகிற வேலை. ஜிப் மாற்றுவது, இடுப்பைப் பிடிப்பது, ஓரம் மடிப்பது. ஒரு துணியை முதலிலிருந்து தானே வெட்டி, தானே தைத்து, இது என் கை வேலை என்று சொல்லிக்கொள்ள அவளுக்குக் கிடைத்தது குறைவு. நர்சிங் பள்ளி விடுதியின் வார்டன் தன் பழைய பாவாடை ஒன்றைச் சரிசெய்ய வந்தவர், திருப்பிப் பார்த்து உள்தையலைத் தடவிக்கொண்டே நின்றார். பிறகு கேட்டார். புதிதாகச் சேரும் மாணவிகள் எல்லாருக்கும் வெள்ளைச் சீருடை, மொத்தமும் அவளே தைத்துத் தர முடியுமா?

"இது சரியா வந்தா வருசாவருசம் உங்களுக்குத்தான்" என்றார் வார்டன். "ஆனா ஒண்ணு. வெள்ளை. ஒரு சின்னக் கறை இருந்தாலும் அந்தப் பொண்ணுங்கள வார்டுக்குள்ள விடமாட்டாங்க. திருப்பி அனுப்பிருவேன். அப்புறம் வருத்தப்படக்கூடாது."

"வராது மேடம்" என்றாள். சொல்லும்போதே பார்வை கூரைக்குப் போய் வந்தது.

அன்றிலிருந்து முன்னறை முழுக்க வெள்ளை. மேசைமேல் வெட்டிய கைகள், கழுத்துகள். நாற்காலி முதுகில் முடிந்த உடுப்புகள். கதவுக்கும் ஜன்னலுக்கும் குறுக்கே கட்டிய கயிற்றில், பட்டனுக்குக் காஜா எடுக்கக் காத்திருப்பவை. மகள் அறைக்குள் வரும்போது கையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு வந்தாள். "போலீஸ் புடிச்ச மாதிரி இருக்கும்மா." டெய்லரம்மா சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துக்கொண்டே வேலை செய்து வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

மழை முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு பிற்பகலில் வந்தது. அவள் பக்கத்து வீட்டு அக்காவிடம் கத்தரிக்கோல் சாணை பிடிக்கிற ஆள் எப்போது வருவான் என்று விசாரிக்கப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது கூரை சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டு விழுந்த இடம், மடித்து அடுக்கி வைத்த சீருடைக் கட்டின் உச்சி. மேலே இருந்ததில் டீ சிந்தியதுபோலக் கறை. எடுத்தாள். அடுத்ததிலும். அதற்கு அடுத்ததிலும். கறை இறங்க இறங்கச் சிறியதாகி, அடியில் ஒரு பொட்டு அளவில் நின்றிருந்தது.

ஊறவைத்தாள், தேய்த்தாள், எலுமிச்சை பிழிந்தாள், வெயிலே இல்லாத வானத்தின் கீழே காயப்போட்டாள். பழுப்பு மங்கி மஞ்சளாயிற்று, போகவில்லை. கடைசியில் தன் செலவில் துணி வாங்கி அவற்றை மறுபடி வெட்டினாள். கத்தரிக்கோல் துணியைக் கடிக்கிற சத்தம் அன்று வீடு முழுக்கக் கேட்டது.

சாயங்காலம் பெயிண்டர் வந்தார். அவர் பார்வை முதலில் கறைக்குத்தான் போயிற்று.

"உங்கப்பாகிட்ட சொல்லு" என்றாள். "அந்தக் கறையத் தொட்டா கைய ஒடிச்சிருவேன்னு சொல்லு. மேனேஜர் வந்து கண்ணால பாக்கணும். அதுவரைக்கும் அது அங்கதான் இருக்கணும்."

"அப்பா, தொட்டா கை காலி."

"சரிம்மா, தொடல" என்றார் பெயிண்டர்.

"சத்தியமான்னு கேளு."

"சத்தியமாப்பா?"

"சத்தியமா." சொல்லிவிட்டுக் கறைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டார், பாவம்.

அவள் மேனேஜருக்குப் போன் போட்டாள். இந்தமுறை 'ஒண்ணுமில்ல' என்று சொல்லக்கூடாது என்று உள்ளங்கையில் நகத்தை அழுத்திக்கொண்டு பேசினாள். சீருடை கெட்டதைச் சொன்னாள். அடுத்த மழைக்குள் சரி பண்ணாவிட்டால் தன் வேலையே போய்விடும் என்று சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை நானே நேர்ல வர்றேம்மா. பண்ணிருவோம்." வாரக்கடைசியில் மறுபடி பெருமழை என்று ரேடியோவில் சொல்லியிருந்தார்கள். அவள் முடிந்த சீருடைகளையெல்லாம் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டில்மேல் அடுக்கினாள். குடும்பம் தரையில் படுத்தது. ஆனால் மிச்சத்தைத் தைக்க அந்த ஜன்னலை விட்டால் இடமில்லை. தலைக்குமேல் அந்தக் கறை ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பட்டன் தீர்ந்துபோயிற்று. ஓடிப்போய் வாங்கிவரலாம் என்று இறங்கினாள். கடையில் அதே வெள்ளையில் அதே அளவு கிடைக்க நேரமாகிவிட்டது. திரும்பிப் படியேறும்போதே மூக்கில் ஏறியது, பெயிண்ட் வாசனை. மூன்றாம் மாடியில் அவள் நின்றாள். இது பக்கத்து வீடாக இருக்கட்டும் என்று மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டு ஏறினாள்.

கூரை பால் போல இருந்தது. இன்னும் காயாத பளபளப்பு.

மகள் கதவருகே சுவரோடு ஒட்டி நின்றாள். "நான் சொன்னேம்மா. கேக்கல."

"கேளு உங்கப்பாகிட்ட." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "எதுக்குன்னு கேளு."

மகள் கேட்கவில்லை. பெயிண்டர் தானாகச் சொன்னார். "நீ கீழ போனதும் மேனேஜர் போன் பண்ணாரும்மா. வீட்ட விக்கப் போறாராம். வாங்குறவங்க இன்னிக்கே பாக்க வர்றாங்களாம். கறை தெரியாம ஒரு கோட் அடிச்சு வைங்க, வாங்குறவங்ககிட்ட பேசி உங்களக் காலி பண்ணாம நான் பாத்துக்கறேன்னாரு. நாம இந்த நேரத்துல இத்தனை துணியத் தூக்கிட்டு எங்கம்மா போவோம்? உன் வேலைக்குத்தான்..."

"என் வேலைக்கு" என்று அவள் திருப்பிச் சொன்னாள்.

அதற்கு மேல் சொல்ல நேரமில்லை. படியில் மேனேஜரின் குரல், கூடவே இரண்டு பேர் மூச்சு வாங்குகிற சத்தம்.

வந்தவர்கள் கணவன் மனைவி. கணவர் மூக்குக்கண்ணாடிக்காரர், எதற்கும் "ம்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறவர். மனைவி ஜன்னல் கொக்கியை அசைத்துப் பார்த்தார், குழாயைத் திறந்து மூடினார், அலமாரிக் கதவின் உள்பக்கத்தைப் பார்த்தார்.

"வெளிச்சத்தப் பாருங்க" என்றார் மேனேஜர். "காத்து சும்மா அள்ளிட்டுப் போகும்."

"பெயிண்ட் வாசனை அடிக்குதே?"

"இவரு பெயிண்டரும்மா. கை சும்மா இருக்காது. வீட்டத் தன் வீடு மாதிரி வச்சிருக்காரு." மேனேஜர் சிரித்தார். "அந்த விசயத்துல நான் கொடுத்து வச்சவன். இத்தனை வருசத்துல வாயத் தொறந்து ஒரு கம்ப்ளெயிண்ட் சொன்னதில்ல. ஒண்ணே ஒண்ணு கூட இல்ல. கேட்டுப் பாருங்க. என்னம்மா?"

அவர் அவளைப் பார்த்துச் சிரித்தார். அவளும் சிரிப்பாள் என்று எதிர்பார்த்த சிரிப்பு.

டெய்லரம்மா பட்டன் பொட்டலத்தை மிஷின்மேல் வைத்தாள். வாசலில் கிடந்த கணவரின் பையைத் திறந்து, சுவரில் பட்டி மாவு இழுக்கிற அகலத் தகட்டை எடுத்தாள். துணி வெட்டும் மேசைமேல் விரிப்பு கிடந்தது. அதைச் சுருட்டி வைத்துவிட்டு மேசைமேல் ஏறினாள். பெயிண்டர் வாய் திறந்தார். "விடும்..." என்பதுவரை வந்தது. மீதி வரவில்லை.

அவள் தகட்டின் முனையைக் கூரையில் வைத்து அழுத்தி இழுத்தாள்.

புதுப் பெயிண்ட் வெண்ணெய்போல வழுக்கிக்கொண்டு வந்தது. அதன் அடியில் பழுப்பு.

"சார், இது இந்த வாரம்" என்றாள்.

மறுபடி இழுத்தாள். பழுப்பு உரிந்து அடியில் வெள்ளை வந்தது. இன்னும் அழுத்தினாள். அந்த வெள்ளை உரிந்து மறுபடி பழுப்பு.

"இது போன வருசம். நீங்க அனுப்புன கொத்தனார் ஜம்முனு பூசிட்டேன்னாரே, அது."

மறுபடி வெள்ளை. மறுபடி பழுப்பு. அடுக்கடுக்காக, வெங்காயம்போல.

"இது அதுக்கு முந்தின வருசம். என் பொண்ணோட புஸ்தகம் நனைஞ்சுது. இது அதுக்கு முந்தி. அப்ப மிஷின் மோட்டார் போச்சு. ஒவ்வொரு வாட்டியும் போன் பண்ணேன். நல்லாருக்கீங்களா சார்னுதான் ஆரம்பிச்சேன். அதனால உங்களுக்குக் கம்ப்ளெயிண்ட்டா கேக்கல போல."

குரல் உயர்ந்திருந்தது; வார்த்தை தடுமாறவில்லை. அதைக் கவனிக்கவும் அவளுக்கு நேரமில்லை. தகடு காரைக்குள் இறங்கியது. ஊறிப்போன காரை ஒரு தட்டு அகலத்துக்கு அப்படியே பெயர்ந்து, காயாத பெயிண்டோடு மேனேஜரின் தோள்மேல் விழுந்து, சட்டையில் வழிந்து, செருப்பருகே உடைந்தது. திறந்த இடத்தில் துருப்பிடித்த கம்பி தெரிந்தது. கம்பியின் நுனியில் ஒரு சொட்டு தண்ணீர் திரண்டு நின்றது.

பெயிண்டர் அண்ணாந்து அந்த அடுக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனையும் அவர் கை வேலை. ஒவ்வொன்றும் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

"கடைசி கோட்டுக்கு பிரைமர் கூட போடல" என்றார், யாரிடமோ மன்னிப்புக் கேட்கிற மாதிரி. "காயறதுக்குள்ள வந்துருவாங்கன்னு சொல்லிட்டாரு."

கண்ணாடிக்காரர் திரும்பினார். "யாரு சொன்னா?"

பெயிண்டருக்குப் பொய் சொல்ல வராது. "சார்தான். காலைல போன் பண்ணி, கறைய மறைக்கச் சொன்னாரு."

"நான் சும்மா ஒரு டச்சப்..." என்றார் மேனேஜர் தோளைத் தட்டிக்கொண்டே. தட்டத் தட்டப் பெயிண்ட் பரவியது.

"மொட்டை மாடியப் பாக்கலாமா?" என்றார் அந்த அம்மாள்.

"சாவி கொண்டு வரலம்மா."

"பரவால்ல. எடுத்துட்டு வாங்க. நாங்க இங்கயே உக்காந்திருக்கோம்."

மேனேஜர் வாசலைத் தாண்டும்போது டெய்லரம்மாவின் பக்கமாகக் குனிந்து, "வீட்டக் காலி பண்றதுக்கு ரெடியா இருங்க" என்றார், பல்லுக்குள்.

"ஒழுகாத வீடு ஒண்ணு பாத்துக் குடுங்க சார், இன்னிக்கே போறோம்" என்றாள் அவள். "உங்க ஹாலு நல்லாருக்குமா?"

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள்.

சாவி வந்து மாடி திறந்தபோது எல்லாரும் ஏறினார்கள். கட்டடத்தின் மற்ற வீட்டுக்காரர்களும் சத்தம் கேட்டுச் சேர்ந்துகொண்டார்கள். முன்னறைக்கு மேலிருந்த இடத்தில் சிமெண்டுமேல் சிமெண்டாகப் பூசிப் பூசி ஒரு மேடே உருவாகியிருந்தது. தண்ணீர் வெளியேறும் குழாய்க்குப் போகிற வழியை அந்த மேடு மறித்தது. அதன் இந்தப் பக்கத்தில் தண்ணீர் குளமாகத் தேங்கி, பாசி பிடித்து, ஒரு தவளையைக்கூட வளர்த்துவிட்டிருந்தது. அது எல்லாரையும் ஒருமுறை பார்த்துவிட்டு நீரில் குதித்தது.

கண்ணாடிக்காரர் அன்று முதல்முறையாக ஒரு முழு வாக்கியம் பேசினார். "இத மொத்தமா உடைச்சு, புதுசாத் தளம் போட்டுட்டு எனக்குப் போன் பண்ணுங்க, விலைய அப்புறம் பேசலாம்."

"பண்ணிருவோம் சார்" என்றார் மேனேஜர். மறுநாளே ஆட்கள் வந்தார்கள்.

டெய்லரம்மாவுக்கு அதுதான் ஆறவே இல்லை. அவள் வருடக்கணக்காகச் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. வாங்கப்போகிற ஆள், வீட்டில் அரைமணி நேரம் இருந்தவர், ஒருமுறை சொன்னார். மேலே கடப்பாரை இறங்குகிறது. ஒவ்வொரு இடிக்கும் மேசை நடுங்கியது, ஊசி துள்ளியது. தூசி விழாமல் தலைக்குமேல் பழைய போர்வையைப் பந்தல்போலக் கட்டிக்கொண்டு, அதற்குக் கீழே விளக்கைப் போட்டு உட்கார்ந்து தைத்தாள். மழை வரட்டும், வராமல் போகட்டும், இனி யாருக்கும் பயப்பட முடியாது என்று மிஷினை மிதித்தாள். கணவரோடு பேச்சு அறவே நின்றது. 'உங்கப்பாகிட்ட சொல்லு' கூட இல்லை. மகள்தான் தவித்துப்போனாள். "ஏதாவது ஒண்ணு சொல்லி அனுப்பேம்மா. எனக்கு வேலையே இல்ல."

பெயிண்டர் ஒரு நாள் கூலி வேலையை விட்டுவிட்டு மாடிக்குப் போனார். புதுத் தளத்துக்குச் சரிவு சரியாக இருக்கிறதா என்று ஒரு குடம் தண்ணீரை ஊற்றிப் பார்த்தார். மேஸ்திரி முறைத்தார். "என்னண்ணே, எங்க மேல நம்பிக்கை இல்லையா?"

"இல்லப்பா" என்றார் பெயிண்டர். வாழ்க்கையில் அவர் இன்னொருவர் முகத்துக்கு நேராகச் சொன்ன முதல் 'இல்ல' அதுவாக இருக்கலாம். மகள் இதைக் கீழே வந்து சொன்னாள். டெய்லரம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

சொன்ன மழை தள்ளிப்போய், தளம் காய்ந்த பிறகு, ஒரு காலையில் கொட்டியது. ஜன்னல் கண்ணாடி முழுக்க நீர். பழக்கத்தில் மகள் பக்கெட்டைக் கொண்டுவந்து வைத்தாள். மூன்று பேரும் அண்ணாந்தபடி நின்றார்கள். பெயர்ந்த காரை, துருக் கம்பி, சுற்றிலும் அடுக்கடுக்காகக் கிழிந்த வெள்ளையும் பழுப்பும். பக்கெட் காய்ந்தே கிடந்தது. வாரம் முடிவதற்குள் வார்டன் வந்து சீருடைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். உள்தையலைத் தடவினார். "அடுத்த வருசத்துக்கும் துணி இங்கதான் வரும்" என்றார். பிறகு மேலே பார்த்து, "ஐயோ, என்ன இது?" என்று பின்வாங்கினார்.

"அது இனிமே ஒண்ணும் பண்ணாது மேடம்" என்றாள் டெய்லரம்மா.

வீட்டை வாங்க முடிவான பிறகு கண்ணாடிக்காரரின் மனைவி போன் செய்தார். அவர்கள் குடிவரப்போவதில்லை, வாடகைக்குத்தான் விடப்போகிறார்கள். "நீங்களே இருங்க. வீட்டுக்கு ஏதாவதுன்னா நீங்க சொல்லிருவீங்க" என்றார். அவர் குரலில் கேலி இருந்ததா என்று டெய்லரம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். இருந்தாலும் இருக்கட்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் மிஷினைத் துடைத்து எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். பின்னால் ஏணி நகர்கிற சத்தம். திரும்பிப் பார்க்காமலே அவளுக்குத் தெரிந்தது. பெயிண்டர் வெள்ளை பெயிண்ட் கலக்கி, ரோலரை நனைத்து, கறையைப் பார்த்தபடி ஏணியின் முதல் படியில் ஒரு காலை வைத்து நின்றார். ஏறவில்லை. மகளைப் பார்த்தார். மகள் அம்மாவைப் பார்த்தாள்.

"உங்கம்மாகிட்ட கேளும்மா" என்றார் மெல்ல. "இப்பதான் ஒழுகலையே. அடிக்கட்டுமான்னு."

மகள் வாயைத் திறந்தாள். டெய்லரம்மா கையைக் காட்டி அவளை நிறுத்தினாள். எண்ணெய்த் துணியை வைத்துவிட்டு, நாற்காலியோடு திரும்பி, கணவரை நேராகப் பார்த்தாள்.

"ஏங்க."

பெயிண்டர் ஏணியிலிருந்து காலை எடுத்தார்.

"இந்த மழைக்காலம் முழுக்க முடியட்டும். அதுக்கு முன்னாடி அந்த ரோலர் அதுல பட்டுச்சு, உங்க சட்டை ஒவ்வொண்ணுக்கும் கழுத்தத் தச்சு மூடிருவேன்."

"சரிம்மா" என்றார் அவர், ரோலரைத் தொட்டிக்குள் வைத்துக்கொண்டே. முகத்தில் சிரிப்பை மறைக்க அவரால் முடியவில்லை.

"சிரிக்காதீங்க. நான் இன்னும் கோவமாத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு அவள் மிஷினை மிதித்தாள்.